அருள் என்று நாங்கள் சொன்ன நடுக்கம்

கண்ணு,

இதைத் திங்கட்கிழமைக்கு முன்னால் படித்துவிடு. நீ சத்யாவிடம் சொன்னதை அவள் என்னிடம் வந்து சொல்லிவிட்டாள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து குடியை நிறுத்தப் போகிறாயாம். டாக்டர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாமாம். மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நாள் படுத்துக்கிடப்பாயாம், ஐந்தாம் நாள் புது மனிதனாக இறங்கி வருவாயாம். "மாலை போட்டப்ப நாப்பத்தெட்டு நாளு தொடாம இருந்தேனில்ல? அப்புறம் என்னமோ நோயி நோயிங்கற? நோயா இருந்தா அப்படி நிக்குமா? இது வெறும் திமிரு புள்ள, உட்டாச் செரியாப் போயிரும்" என்றாயாம். பள்ளிக்கூட வாசலில் உங்கள் குழந்தையை ஐந்து மணி வரை நிற்க வைத்துவிட்டு நீ எங்கோ உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவள் போட்ட சண்டைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று சத்யாவுக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தோஷம் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியில் எழுந்து போன் பேசப் போய்விடுவாய். நானும் அழுதுவிடுவேன். அழ ஆரம்பித்தால் சொல்ல வந்தது ஒன்று, சொல்வது இன்னொன்று ஆகிவிடும். எழுதும்போது எனக்கு அழுகை வருவதில்லை. இத்தனை வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்று பழகிய புத்தி. துணியை விரித்தால் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ, எதுவானாலும் அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பேன். ஐயோ இப்படி ஆகிவிட்டதே என்று அங்கே ஒப்பாரி வைத்தால் பீஸ் மலைபோலக் குவிந்துவிடும். இந்தக் கடிதத்திலும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு போகப் போகிறேன். பாதி ஸ்டிக்கர் என் மேல்தான் விழும். சத்யாவும் படிக்கட்டும். நீ வேறு யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறைத்து மறைத்துத்தான் நம் குடும்பம் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது.

உன் அப்பா மஞ்சள்காமாலையில் போய்விட்டார் என்று உனக்குச் சொன்னவள் நான். அது பொய் இல்லை. ஆனால் அது கடைசி அத்தியாயம் மட்டும்தான். அவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்து, மின்கத்தியை ஓட்டுவார். ஒரு நூல் பிசகாது. இன்றைக்கு நீ கட்டிங் பொறுப்பில் இருப்பதால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். அந்தக் கை காலையில் எழுந்ததும் நடுங்கும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார், அப்போதும் பாதி டீ சட்டையில்தான். அந்தக் கையோடு கத்தியைத் தொட்டால் விரல் போய்விடும். கால் டம்ளர் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்கும். மற்ற ஆண்கள் வேலை முடிந்து குடித்தார்கள். உன் அப்பா வேலை செய்வதற்காகக் குடித்தார். "மாஸ்டர் போட்டுட்டு வந்தாத்தானுங்க துணி நேரா வெட்டுது" என்று கம்பெனியில் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சாராயம் குடிக்காவிட்டால் நடுங்கும் கை உலகத்தில் எங்காவது உண்டா, இது என்ன சங்கதி என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. தினமும் கண்முன்னால் நடப்பதை மனிதர்கள் யோசிப்பதில்லை.

குடிப்பது நோய் என்ற பேச்சு அப்போதும் இருந்தது. சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள். குண்டடத்தில் உன் அப்புச்சிக்கு, என் அப்பாவுக்கு, அதைக் கேட்டாலே கோபம் வரும். "நோயின்னா மாட்டுக்குக் கோமாரி வர்ற மாதிரி தானா வரோணும். கடைக்குப் போயி, வரிசையில நின்னு, பாட்டல வாங்கியாந்து எவனாச்சும் நோய வரவெச்சுக்குவானா?" என்பார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் அதே எண்ணம்தான். அதற்கு என்னிடம் வேறு காரணமும் இருந்தது. இடது புருவத்துக்கு மேலே எனக்கு ஒரு தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் நீ கேட்டபோது கிணற்றடியில் விழுந்தேன் என்றேன். கட்டிங் டேபிளில் கோடு போடுகிற இரும்பு ஸ்கேலால் உன் அப்பா அடித்தது அது. என்னை அடித்த கையை நோயாளியின் கை என்று சொன்னால் என் காயத்துக்கு என்ன மரியாதை? திமிர் என்று சொன்னால்தான் எனக்குக் கோபப்பட உரிமை இருந்தது. அந்தக் கோபம் இல்லாவிட்டால் நான் அந்த வருடங்களைத் தாண்டியிருக்கவே மாட்டேன்.

நீ ஏழாவது படிக்கும்போது அவர் முதல்முறையாகப் பழனிக்கு மாலை போட்டார். மார்கழி பிறந்ததும் மாலை, தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை. நான் வேண்டி, சண்டை போட்டு, கடைசியில் பட்டினி கிடந்து போட வைத்த மாலை அது. வெள்ளிக்கிழமை காலையில் போட்டார். அன்று சாயங்காலமே கை நடுங்கியது. சனிக்கிழமை சோறு இறங்கவில்லை, வேர்த்துக் கொட்டியது, கண்ணை மூடினால் திடுக்கிட்டு எழுந்தார். விரதத்தின் கடுமை என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், அருள்புரத்தில் நம் லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன முருகன் கோவிலில் அன்னதானத்துக்கு முன் பூஜை. அரோகரா சத்தம் ஏற ஏற உன் அப்பாவின் உடம்பு முழுக்க உதற ஆரம்பித்தது. பல் கிட்டியது. கண் எங்கோ நிலைகுத்தி நின்றது.

"வந்துருச்சுங்க! சாமி வந்துருச்சு! எலுமிச்சம்பழம் கொண்டாங்க!" என்று பாதயாத்திரைக் குழுவின் குருசாமி கத்தினார். அவர் வேறு யாருமில்லை, அதே கம்பெனியில் அயர்ன் பண்ணுகிறவர்.

"எறும்பு... செவுரு பூரா எறும்பு ஏறுது... தட்டி உடுங்க... தட்டி உடுங்க" என்றார் உன் அப்பா.

சுவரில் ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன்.

"எறும்பு மேல ஏறுனா மழை வருமுங்க. சாமி மழையச் சொல்லுது" என்றார் குருசாமி. உடனே பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் முன்னால் வந்து விழுந்தார். "சாமி, நமக்கு ஆர்டர் வருமுங்களா?" உன் அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. "வரிசையா வருது... வரிசையா வருது" என்று சுவரைக் காட்டினார். கூட்டம் அரோகரா போட்டது. மார்கழிக் கடைசியில் ஒரு நாள் மழை தூறியது. பிரிண்டிங்காரருக்கு ஆர்டரும் வந்தது. வராமல் போயிருந்தால் நம் குடும்பம் பிழைத்திருக்கும்.

நானும் அன்று அவர் காலில் விழுந்தேன். விழுவதற்கு முன் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். அது பயந்த மனிதனின் முகம். கட்டின புருஷனின் முகம் தெரியாதா எனக்கு? சாமி இப்படிப் பயப்படாதே என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டது. சுற்றி நின்ற சனமெல்லாம் கும்பிடும்போது நான் மட்டும் மரம்போல நிற்க முடியுமா? குனிந்துவிட்டேன். நீயும் விழுந்தாய், அரைப் பரீட்சைக்கு விபூதி வாங்கினாய். மூன்று நாளில் உதறல் அடங்கியது. அதன் பிறகு அவர் நன்றாகவே இருந்தார். சாப்பிட்டார், தூங்கினார், உன்னைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். கம்பெனியிலும் வீதியிலும் எல்லோரும் அவரைச் சாமி என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த வீட்டில் நான் பயமில்லாமல் சமைத்த நாட்கள் வருடத்துக்கு அந்த நாற்பத்தெட்டுதான்.

பழனியில் மாலையைக் கழற்றினார். திரும்பி வரும் வேனில், தாராபுரம் தாண்டுவதற்குள் குடித்துவிட்டார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ இந்த வருடம் எங்கே கழற்றினாய், எங்கே குடித்தாய் என்று சத்யா சொன்னாள். இடம்கூட ஏறக்குறைய அதேதான்.

இதில் நான் செய்த முதல் தப்பைச் சொல்கிறேன். எனக்கு அந்த அருள் பிடித்திருந்தது. அதுவரை செக்கிங் டேபிளில் நான் குடிகாரன் பெண்டாட்டி. என் எதிரில் நின்ற ராஜேஸ்வரி, தேனிப் பக்கத்துக்காரி, தினமும் என் முகத்தைப் பார்த்து "யாத்தே, இன்னைக்கும் அடிச்சுப்புட்டானா?" என்று கேட்பாள். அந்த மார்கழிக்குப் பிறகு அவளே மகளின் ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "சாமிகிட்டக் காட்டி ஒரு வாக்கு வாங்கிக் குடு தாயி" என்றாள். கோவிலில் எனக்கு முன்வரிசை கிடைத்தது. இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் மாலை போட்ட மூன்றாம் நாள் உதறல் வந்தது, சனம் தேதி குறித்துக்கொண்டு வந்து நின்றது. வருடம் முழுக்க எவ்வளவு குடித்தாரோ அவ்வளவுக்கு உதறல் கூடியது. நாங்கள் அதை, சாமிக்கு வருடத்துக்கு வருடம் சக்தி கூடுகிறது என்று சொன்னோம்.

இரண்டாவது தப்பு அந்த நாற்பத்தெட்டு நாளை நான் ஆயுதமாக எடுத்தது. "சாமிக்குப் பயந்து நிறுத்த முடியுதுங்கல்ல? பெத்த புள்ளைக்காவ நிறுத்த முடியலீங்களா? அப்பத் திமிருதானுங்க?" என்று மற்ற நாட்களில் அவரைக் குத்துவேன். ஏன் முடியவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. கழுத்தில் மாலை இருந்தபோது குழு இருந்தது, வேளாவேளைக்குப் பூஜை இருந்தது, யாரும் கிளாஸை நீட்டவில்லை, கூப்பிடுகிற வார்த்தைகூட வேறு. மாலையைக் கழற்றிய நிமிடத்தில் அத்தனையும் போய், பழைய மனிதன் பழைய தாகத்தோடு நடுரோட்டில் நின்றான். நாற்பத்தெட்டு நாள் அமுங்கிக் கிடந்ததால் நோய் இல்லை என்று ஆகிவிடுமா? பத்தியம் இருக்கிறவரை சர்க்கரை அடங்கித்தான் இருக்கும். இதையெல்லாம் இப்போது பக்குவமாக எழுதுகிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் குத்திக்காட்ட மட்டும்தான்.

நான்காம் வருடம் மூன்று நாள்கூட ஆகவில்லை. சனிக்கிழமை மாலை போட்டார், ஞாயிற்றுக்கிழமை மதியம் பூஜையில் உதறல் எழுந்தது, அப்படியே விறைத்துக் கீழே விழுந்தார். வாயில் நுரை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. "பெரிய சாமி வந்துருக்குது, யாரும் தொடாதீங்க" என்று குருசாமி எல்லோரையும் விலக்கினார். தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார்கள். உடுக்கை அடித்தவர் இன்னும் வேகமாக அடித்தார். நான் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வலிப்பு நின்று இன்னொன்று வந்தது. நாக்கைக் கடித்து ரத்தம் வந்த பிறகுதான், ஒடிசாவிலிருந்து வந்து பக்கத்து லைனில் குடியிருந்த ஒரு பையன், "பாபி, யே பீமாரி ஹை, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று, அண்ணி இது நோய் என்று இந்தியில் கத்திக்கொண்டே போய் ஆட்டோவைக் கூட்டிவந்தான். அங்கே நின்ற அத்தனை பேரில் நம் சாமியைத் தெரியாதவன் அவன் ஒருவன்தான். அதனால் அவனுக்கு நோய் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தினமும் குடிப்பாருங்களா? எப்ப நிறுத்தினாரு?" என்பதுதான். நேற்றிலிருந்து என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பல வருடம் தினமும் குடித்த உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் நடுங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும், உயிரே போகலாம் என்றார். எறும்பைப் பற்றிச் சொன்னேன். எறும்பு, பூச்சி, பாம்பு என்று பலருக்கும் தெரியும் என்றார். மூன்று வருடம் சனம் விழுந்து கும்பிட்டதற்கு அவர் ஒரு வரியில் விளக்கம் சொல்லிவிட்டார். இன்னொரு வார்டு இருக்கிறது, அங்கே சேர்த்தால் மாத்திரை கொடுத்து ஆபத்தில்லாமல் நிறுத்த வைப்பார்கள், பிறகு பேசிப் பேசித் திரும்பக் குடிக்காமல் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இனி எழுதப் போவதை இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் உன் அப்பாவும் நானும் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மதிய வெயில். அவர் நாக்கில் காயம் ஆறவில்லை, பேச்சு குழறியது.

"ஏம்புள்ள, அந்த டாக்டரு சொன்ன வார்டுல போயிப் படுத்துக்கலாமா?" என்றார்.

"அது என்ன வார்டுன்னு தெரியுமுங்களா? பைத்தியக்கார வார்டுங்க. யாராச்சும் பாத்தா என்னாகறது? உங்ககிட்டக் குறி கேட்ட சனமெல்லாம் சிரிக்காதுங்களா?"

"இல்ல புள்ள, எனக்கு ஒடம்புக்கு என்னமோ..."

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. மாலையத் திருப்பிப் போட்டுக்கலாம். முருகன் பாத்துக்குவான்."

அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு "செரி" என்றார். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. அந்தச் சீட்டை நான் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். இரண்டு வருடத்தில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி முடிந்துபோனார். சாவுக்கு வந்தவர்கள், "சாமி கூப்பிட்டுக்கிச்சுங்க" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர் திமிர் பிடித்தவர் என்று வருடக்கணக்காகத் திட்டிய நான், அவர் திமிரையெல்லாம் விட்டு ஒரே ஒரு தடவை உதவி கேட்டபோது என் கௌரவத்துக்காக வாயை அடைத்தேன். இதில் திமிர் யாருடையது என்று நீயே சொல்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மார்கழியில் அதே கோவிலில், மாலை போட்ட மூன்றாம் நாள் கற்பூரத் தட்டு உன் கையில் நடுங்கியது. என் பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பன மாதிரியே பையனுக்கும் அருள் வந்துருச்சுங்க பாருங்க. பரம்பரையா வருதுங்க. நீங்க குடுத்து வெச்சவங்க" என்றாள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நீ பிழைத்தது உன் கெட்டிக்காரத்தனம் இல்லை, உன் உடம்பில் இன்னும் கொஞ்சம் இளமை இருக்கிறது, அவ்வளவுதான். நீ அந்த நாற்பத்தெட்டு நாளைச் சாட்சியாகக் கொண்டு வருகிறாய். எனக்கு அந்த மூன்றாம் நாள்தான் சாட்சி. மாலையைக் கழற்றிய பிறகு இரண்டு மாதமாக நீ முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறாய் என்று சத்யா சொல்கிறாள். அதனால்தான் திங்கட்கிழமையை நினைத்துப் பயப்படுகிறேன். கோவிலிலாவது நூறு பேர் இருந்தார்கள். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டால் ஆட்டோவைக் கூப்பிட யார் இருப்பார்?

நேற்று லீவு போட்டுவிட்டு நானே அந்த வார்டுக்குப் போனேன். பைத்தியக்கார வார்டு என்று பயந்தேனே, அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் நம் கம்பெனிகளில் பார்க்கிற முகங்கள்தான். ஒருவர் கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. உன் அப்பா கதையையும் உன் கதையையும் சொன்னேன். கடைசியில், "நோயா திமிரா, ஒண்ணு சொல்லுங்க கண்ணு. எனக்கு அது தெரியோணும்" என்றேன்.

"நோய்தாங்கம்மா. அப்பாவுக்கு இருந்தா புள்ளைக்கு வர்ற வாய்ப்பும் அதிகம். ஆனா மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிய அவருதான் செய்யோணும். அது நாள் ஆகும், நடுவுல வழுக்கும், திரும்பவும் வரோணும்" என்றாள்.

உன் அப்புச்சி சொன்னதை அவளிடம் சொன்னேன், பாட்டில் வாங்கி யாராவது நோயை வரவழைப்பார்களா என்று. அவள் சிரித்துவிட்டு, என் வேலை என்னவென்று கேட்டாள்; பனியன் கம்பெனி என்றதும், வேலைக்குப் போய் இருமல் வாங்கினவர்களைத் திமிர் என்று திட்டுவீர்களா என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். மங்கலத்தில் தறிக்குப் போகிறவர்களும் பஞ்சு மில்லுக்குப் போகிறவர்களும் தினமும் தாங்களேதான் நடந்து போகிறார்கள். பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து நெஞ்சு கெட்டு இருமுகிறார்கள். நீயாகப் போய் வாங்கிக்கொண்டதுதானே, திமிர், கிட என்று யாரும் சொல்வதில்லை. காசநோய் மாதிரி சும்மா வந்தாலும் நோய்தான், கேட்டு வாங்கினாலும் நோய்தான். இதில் எனக்கு ஒத்துக்கொள்ள முடியாத பகுதியும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இருமல்காரர் யாரும் பெண்டாட்டியை ஸ்கேலால் அடிப்பதில்லை. உன் அப்பாவின் கை நடுங்கியது நோய். அந்தக் கை என் மேல் விழுந்தது அவர் செய்தது. நோய் என்று சொன்னால் என் தழும்பு அழிந்துவிடாது. குழந்தை பள்ளிக்கூட வாசலில் அழுதுகொண்டு நின்றதும் அழியாது. சத்யாவிடம் அதற்கு நீ மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், டாக்டர் சீட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. ஆனால் செய்தது தப்பு என்பதற்காக வைத்தியம் பார்க்காமல் விட்டுவிடுவதும் தண்டனை இல்லை, அது கொலை. நான் ஒரு தடவை அதைச் செய்திருக்கிறேன்.

அருளே பொய் என்று நான் சொல்லவில்லை. நான் இன்றும் விளக்கு வைக்கிறேன், முருகனைத்தான் கும்பிடுகிறேன். உன் அப்பாவின் நடுக்கம் அருள் இல்லை, அவ்வளவுதான் சொல்கிறேன். உன் நடுக்கமும் இல்லை. அடுத்த பூஜையில் யாராவது பரம்பரை அருள் என்று என்னிடம் சொன்னால், அது பரம்பரை நோய், பையன் வைத்தியம் பார்க்கிறான் என்று சத்தமாகச் சொல்லப்போகிறேன். முன்வரிசை போனால் போகட்டும்.

நேற்று சீட்டுப் போடும் இடத்தில் நோயாளி பெயர் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. நீ வந்து சொல்ல வேண்டியது அது, நான் உன் கையைக் கட்டி இழுத்துப் போக முடியாது, போனாலும் பிரயோஜனமில்லை என்று அந்த டாக்டர் பெண்ணே சொன்னாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மங்கலத்தில் உன் வீட்டு வாசலில் நிற்பேன். வருவதானால் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வா. வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமையும் வருவேன், புதன்கிழமையும் வருவேன். வேலை போனாலும் சரி.

இடையில் இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நாளைக்கே நிறுத்திவிடுகிறேன் என்று வீரம் காட்டிவிடாதே. அந்தப் பெண் என்னிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பியது இதைத்தான், அதனால் அப்படியே எழுதுகிறேன்: நான் வந்து உன்னைக் கூட்டிப் போகிறவரை, நீயாக ஒரேயடியாகக் குடியை நிறுத்திவிடாதே. எந்தத் தாயும் மகனுக்கு இப்படி எழுதியிருக்க மாட்டாள். நீ உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அம்மா